பாதி எழுதின ஃபைல்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க சார். எனக்கு எந்தப் பக்கமா இருந்தாலும் ஒண்ணுதான். திருச்சியா? நானும் திருச்சிதான்.

ஈ.பி.ல அசிஸ்டன்ட் எஞ்சினியரா? அப்ப நல்லதாப் போச்சு. சாதாரணமா என் வேலையை யார்கிட்ட சொன்னாலும் புரியறதில்ல. ஐ.டி.ன்னதும் எல்லாரும் ஏ.சி., அமெரிக்கான்னு போயிடறாங்க. என் வேலை அது இல்ல சார். என் வேலை காப்பி எடுக்கறது. ஒரு இடத்துல இருக்கறதை இன்னொரு இடத்துல அப்படியே எழுதறது. இருபத்திரெண்டு வருஷமா ஜாவாவுல புரோகிராம் எழுதறேன், அதுல ஏழு வருஷம் இந்த ஒரே ஒரு புரோகிராம்தான்.

பேரு குலோத்துங்கன். அப்பா வெச்சது. ஆபீஸ்ல குலோ.

எங்க கம்பெனி பழைய மகாபலிபுரம் ரோட்டுல இருக்கு. பேரு வேண்டாம். வெளிநாட்டுக்காரங்களோட இன்சூரன்ஸ் பேப்பரைச் சரிபார்க்கறது. ரெண்டாயிரத்து முந்நூறு பேர். அத்தனை பேருக்கும் டேட்டாபேஸ்ல ஆளுக்கு ஒரு வரி. நம்பர், பேர், செக்‌ஷன், அப்புறம் ஒரே ஒரு எழுத்து. ஏ-ன்னா வேலைல இருக்கார்னு அர்த்தம். எக்ஸ்னா இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதான். ஹெச்.ஆர்.ல ஒருத்தர் உட்கார்ந்து ஏ-யை எக்ஸ்னு மாத்தினா அந்த ஆள் முடிஞ்சுது.

ஆனா கேட்டுக்கு அது தெரியாதே. கேட்டுல இருக்கற மெஷின் பழசு. அட்டையைக் காட்டினா பச்சை இல்லைன்னா சிவப்பு, அது மட்டும்தான் தெரியும். டேட்டாபேஸோட பேசத் தெரியாது. எல்லாருக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல ஒரு ஃபைல். அரை மணிக்கு ஒரு தடவை கேட் அந்த ஃபைலைப் படிச்சுக்கும். ஃபைல்ல உங்க நம்பர் ஏ-ன்னு இருந்தா பச்சை. எக்ஸ்னு இருந்தாலோ, நம்பரே இல்லைன்னாலோ சிவப்பு. அந்த ஃபைலை எழுதறதுதான் என் புரோகிராம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை முழிச்சுக்கும், டேட்டாபேஸ்ல எது மாறியிருக்குன்னு கேட்கும், எழுதும், தூங்கிடும். ஆபீஸ்ல அதை 'சிங்க்'னு சொல்லுவாங்க. ஏழு வருஷத்துல ஒருநாள்கூட நின்னதில்ல. இதை நான் பெருமைக்குச் சொல்லல. நிஜமாவே நின்னதில்ல.

அதுல நான் ஒரு காவல் வெச்சிருந்தேன். ஒரே நேரத்துல பத்துப் பேருக்கு மேல ஏ-லேர்ந்து எக்ஸுக்குப் போனா, புரோகிராம் நின்னு என்னைக் கேட்கும். 'இத்தனை பேர், இன்னின்னார், எழுதலாமா?' நான் ஓகே அழுத்தினாத்தான் எழுதும். யாராவது கை தவறி எல்லாரையும் எக்ஸ் பண்ணிட்டா என்ன ஆகறது? நல்ல எண்ணத்துல வெச்சதுதான் சார். உங்க லைன்மேன் கம்பத்துல ஏறினா கீழ ஒருத்தர் சுவிட்ச்சு பக்கத்துல நிப்பார் இல்ல, அது மாதிரி. ஆறு வருஷம் அது என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

போன ஜனவரில கேட்டுச்சு.

ஆள் குறைக்கறாங்கன்னு டிசம்பர்லேர்ந்தே பேச்சு. ஹெச்.ஆர்.ல சுகந்தி மேடம். தங்கமானவங்க, என்கிட்ட எப்பவும் மரியாதையாப் பேசுவாங்க. அவங்க கூப்பிட்டு, "குலோ, திங்கட்கிழமை எட்டு நாப்பதுக்கு ஒரு லிஸ்ட் போடுவோம். உங்க சிங்க் கேட்டா ஓகே பண்ணிடுங்க. யார்கிட்டயும் பேச வேண்டாம்"னாங்க. சரின்னேன். வேலைதானே.

திங்கட்கிழமை எட்டு நாப்பத்திரெண்டுக்கு ஸ்கிரீன்ல வந்துச்சு. முப்பத்தெட்டுப் பேர். எழுதலாமா?

பத்தொன்பதாவது பேர் ஜெயசீலன்.

சீலன் எனக்குப் பக்கத்து சீட்டு சார். ஒன்பது வருஷம். என் பேனா ஸ்டாண்டுலேர்ந்துதான் பேனா எடுப்பான், திருப்பி வைக்க மாட்டான். அப்ப அவன் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான். "குலோ, கீழ டீக்கு வர்றியா?"ன்னான். "நீ போ, எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு"ன்னேன். எந்திரிச்சுப் போனான். நான் ஓகே அழுத்தினேன்.

என்ன தோணுச்சுன்னு கேட்காதீங்க. ஒண்ணும் தோணல. எதாவது தோணும்னு நானே கொஞ்ச நேரம் பார்த்தேன். ஃபைல் சரியா எழுதியிருக்கான்னு திறந்து பார்த்தேன். முப்பத்தெட்டு எக்ஸ். சரியா இருந்துச்சு.

டீ குடிச்சுட்டு வந்தவனை கேட் விடல. செக்யூரிட்டி எனக்கு போன் பண்ணினார், சாரோட பையைக் கொஞ்சம் கீழ கொண்டாந்து தர முடியுமான்னு. பை, ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா, எல்லாத்தையும் நானே கொண்டுபோய்க் குடுத்தேன். வேற யாராவது கொண்டுபோயிருந்தா எதையாவது விட்டிருப்பாங்க. சீலன் வாங்கிக்கிட்டு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னான். "எனக்கு லிஸ்ட் வராதுப்பா"ன்னேன். சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. அவன் இப்ப ஓசூர்ல இருக்கான்னு கேள்வி. போன் பண்ணினா எடுக்கறதில்ல. எண்ணை மாத்தியிருப்பான்.

என் ஒய்ஃபும் அதே கம்பெனிதான். இதைச் சொல்ல விட்டுட்டேன். பேரு புனிதவதி. திருச்சி உறையூர். நாலாவது மாடியில கிளெய்ம்ஸ் செக்‌ஷன். கல்யாணம் ஆகி பதிமூணு வருஷம் ஆகுது. குழந்தை இல்ல, அதைப் பத்தி இப்ப வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் நான்தான் அவளை இங்க சேர்த்துவிட்டேன். அவ நம்பர் ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணு. என்னுது நானூத்திப் பன்னெண்டு. இந்த நம்பர் விஷயம் முக்கியம், ஞாபகம் வெச்சுக்குங்க.

அன்னிக்கு சாப்பிடும்போது அவகிட்ட சொன்னேன். சீலன் பேர் வந்துச்சு, ஓகே பண்ணேன்னு. ரசம் ஊத்திக்கிட்டிருந்தவ கரண்டியை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னா.

"அப்ப அவர் உங்க பக்கத்துலயா உட்கார்ந்திருந்தார்?"

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லலையா?"

"சொல்லக் கூடாது புனிதா."

"சொல்லக் கூடாதுன்னா சரி. சொல்லணும்னு இருந்துச்சா?"

ரசம் ஊத்துன்னேன். ஊத்தினா.

அடுத்த திங்கள் நாப்பத்தோரு பேர். அதுக்கு அடுத்த திங்கள் இருபத்தாறு. நான் ஏழரைக்கே கிளம்பிடுவேன், எட்டு நாப்பதுக்கு சீட்டுல இருக்கணுமே. புனிதா ஒன்பது மணிக்கு வந்து சேர்ற கம்பெனி பஸ்ல வருவா. கிளம்பும்போது வாசல்ல நின்னு என் முகத்தையே பார்ப்பா. ஷேவ் சரியா பண்ணலையோன்னு நான் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்குவேன்.

விக்கிரவாண்டி டோல் வந்துடுச்சு. இனிமே பஸ் நல்லாப் போகும்.

மூணாவது திங்கட்கிழமை ஒரு பிரச்சனை ஆச்சு. உண்மையான பிரச்சனை அங்கதான் ஆரம்பம், மத்ததெல்லாம் சும்மா. எக்ஸ் ஆன ஒரு ஆளை கேட் பச்சை காட்டி உள்ள விட்டுடுச்சு. அவர் நேரா அவர் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டார். ஒண்ணும் பண்ணல, சும்மா உட்கார்ந்திருந்தார், அரை மணி நேரம். சுகந்தி மேடம் என்னைக் கூப்பிட்டு, "எப்படி குலோ? எக்ஸ் ஆன ஆள் எப்படி உள்ள வந்தார்?"ன்னாங்க. ஏழு வருஷத்துல என் வேலையில யாரும் குறை சொன்னதில்ல. எனக்கு காதெல்லாம் சூடாயிடுச்சு.

காரணம் என்னன்னா, நான் ஃபைலை எழுதற விதம். நேரா அந்த ஃபைல்ல எழுத மாட்டேன். வேற ஒரு பேர்ல புதுசா ஒரு ஃபைலை முழுசா எழுதுவேன். எழுதி முடிச்சதும், பழசை எடுத்துட்டு புதுசுக்கு அந்தப் பேரை வைப்பேன். நீங்க டிரான்ஸ்ஃபார்மர் மாத்தும்போது புதுசை வண்டியில கொண்டாந்து நிறுத்திட்டுத்தானே பழசைக் கழட்டுவீங்க? அதே மாதிரி. கேட் எப்ப வந்து படிச்சாலும், ஒண்ணு முழுப் பழசு, இல்ல முழுப் புதுசு. பாதி கிடைக்காது. ஆனா இதுல ஒரு சிக்கல். அந்த ஃபோல்டர் நெட்வொர்க்ல இருக்கு. பேர் மாத்தற அதே நொடியில கேட் பழசைத் திறந்து வெச்சுப் படிச்சுக்கிட்டிருந்தா, ஜாவா 'முடியாது'ன்னு சொல்லிடும். அடுத்த அஞ்சு நிமிஷத்துல மறுபடி முயற்சி பண்ணும். அன்னிக்கு அப்படித்தான் ஆகியிருக்கு.

இதை மேடத்துக்கிட்ட விளக்கினேன். "எனக்கு அதெல்லாம் தெரியாது, இனிமே தாமதமாகக் கூடாது"ன்னாங்க. சரின்னு பேர் மாத்தற வேலையை எடுத்துட்டேன். நேரா அந்த ஃபைல்லயே எழுதற மாதிரி வெச்சேன். எழுத நாலு செகண்ட்தான் ஆகுது. அந்த நாலு செகண்டுல கேட் வந்து படிச்சாத்தானே ஆபத்து? வராதுன்னு நினைச்சேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லாக், அதாவது சிங்க் தானா எழுதி வெக்கற குறிப்பு, அதைப் பார்த்தேன். டிரான்ஸ்போர்ட்காரங்க பஸ் ரூட்டெல்லாம் மாத்தி ஆளாளுக்குப் புது பஸ் எண் போட ஆரம்பிச்சிருந்தாங்க. மாறின வரி நிறைய இருந்ததால எழுதற நேரம் நாலு செகண்டுலேர்ந்து இருபது செகண்டு ஆகியிருந்துச்சு. இது எப்ப வேணா மாட்டும்னு தெரிஞ்சுது. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு கிளம்பிட்டேன்.

புதன்கிழமை. தேதி பிப்ரவரி அஞ்சு. அன்னிக்கு யாரையும் நிறுத்தல சார், அதை முதல்ல புரிஞ்சுக்கணும். லிஸ்ட்டே கிடையாது.

ஒன்பது மணிக்கு சிங்க் எழுத ஆரம்பிச்சிருக்கு. பாதி எழுதியிருக்கும்போது கேட் வந்து படிச்சுடுச்சு. நம்பர் வரிசைப்படி எழுதறதால முதல் ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு பேர்தான் கேட்டுக்குக் கிடைச்சாங்க. அதுக்கு மேல நம்பர் இருக்கற யாருமே இல்ல. இல்லைன்னா சிவப்பு. கம்பெனி பஸ் எல்லாம் வந்து நிக்கற நேரம் அது.

நான் மேல இருந்தேன். என்ன நடந்துச்சுன்னு அப்புறம் கேமரால பார்த்தேன். ரிப்போர்ட்டுக்காகப் பார்க்க வேண்டியிருந்துச்சு. இருநூத்தி அறுபது பேர் சார், கேட்டுக்கு வெளிய. ஒரு சத்தம் இல்ல. ஒருத்தராவது செக்யூரிட்டிகிட்ட, "என்னப்பா மெஷின் ரிப்பேரா?"ன்னு கேட்கணும் இல்ல? கேட்கல. அட்டையைக் காட்டறாங்க, சிவப்பு எரியுது, ஒரு நிமிஷம் அதையே பார்க்கறாங்க, விலகி அடுத்த ஆளுக்கு வழி விடறாங்க. அடுத்த ஆளுக்கும் சிவப்பு. வரிசை கலையவே இல்ல. ஒருத்தர் கழுத்துலேர்ந்து டேக்கைக் கழட்டி செக்யூரிட்டி மேஜையில வெச்சார். அதைப் பார்த்துட்டுப் பின்னாடி இருந்தவங்களும் கழட்டி வெச்சாங்க. மொத்தம் முப்பத்தொரு டேக். யாரும் கேட்கலையே, தானா வெச்சாங்க. ஒரு அம்மா பிளாட்பாரத்துல உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. படிச்ச ஜனங்கதான் எல்லாரும். ஒரு மெஷின் தப்பு பண்ணும்னு ஒருத்தருக்குக்கூடத் தோணல.

ஒன்பது ஏழுக்கு எனக்கு அலாரம் வந்துச்சு, சிவப்பு அளவுக்கு மேல போகுதுன்னு. பார்த்த உடனே காரணம் தெரிஞ்சுடுச்சு. அப்பதான் புனிதா போன்.

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னா.

"தெரியும், அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்"னேன்.

வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நேத்து சாயங்காலமே பார்த்துட்டேன். இன்னிக்கே ஆகும்னு நினைக்கல."

"காலையில நான் உங்களுக்கு டிபன் கட்டும்போது?"

இது என்ன கேள்வின்னே எனக்குப் புரியல சார். கண்ணு ஸ்கிரீன்ல இருக்கு, கை டைப் பண்ணிக்கிட்டிருக்கு. "அப்பவும் தெரியும். உன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஒரு பத்து நிமிஷம் இரு"ன்னேன்.

"சரிங்க"ன்னா. வெச்சுட்டா.

இப்ப உங்களுக்குப் புரியுது இல்ல? அவ கேட்டது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. அவ தன் பேர் லிஸ்ட்டுல வந்துடுச்சுன்னு நினைச்சுக் கேட்கறா. நான் ஃபைலைப் பத்திப் பேசறேன். அவ்வளவுதான் விஷயம். இதுல என் தப்பு என்ன இருக்கு?

பதினோரு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். சிங்கை நிறுத்தி, முழு ஃபைலைக் கையால எழுதி, கேட்டை மறுபடி படிக்க வெச்சு, எல்லாம் பதினோரு நிமிஷம். ஒன்பது பதினெட்டுக்குப் பச்சை. மைக்குல சொன்னாங்க, மெஷின் கோளாறு, எல்லாரும் உள்ள வரலாம்னு. கேமரால பார்த்தா, சொன்னதுக்கு அப்புறமும் ஒரு ரெண்டு நிமிஷம் யாரும் நகரல. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து மேஜையில அவங்கவங்க டேக்கைத் தேடி எடுத்துக்கிட்டாங்க. ஒரு டேக் மட்டும் அங்கேயே இருந்துச்சு.

நான் மெசேஜ் போட்டேன். 'கோளாறுதான். சரியாயிடுச்சு. உள்ள வா.' ரெண்டு டிக் நீலமாச்சு. பதில் இல்ல. ஷேர் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டாளாம், அவ செக்‌ஷன்ல சொன்னாங்க. தலைவலியா இருக்கும்னு நினைச்சேன். ரிப்போர்ட் எழுதணுமே, என்னால கிளம்ப முடியல. மத்தியானம் அவ கட்டிக்கொடுத்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டேன். ஆறு மணிக்குத்தான் கிளம்பினேன்.

வீட்டுல ஹால்ல உட்கார்ந்திருந்தா. ஆபீஸ் போட்டுக்கிட்டுப் போன சுடிதாரே. நான் சொன்னேன், "புனிதா, உன் பேர் வரவே இல்ல. ஃபைல் பாதி எழுதறப்போ கேட் படிச்சுடுச்சு. உன் நம்பர் பெரிய நம்பர், அதனால விட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

"தெரியும். மைக்குல சொன்னது ஆட்டோவுல ஏறும்போதே கேட்டுச்சு"ன்னா.

"அப்புறம் என்ன?"

"உண்மையாவே என் பேர் வந்திருந்தா, காலையில என்கிட்ட சொல்லியிருப்பியா?"

நான் சொன்னேன், அப்படி வர வாய்ப்பே இல்லை, கிளெய்ம்ஸ்ல இந்த வருஷம் யாரையும் நிறுத்தறதா இல்லைன்னு மேடமே சொன்னாங்கன்னு. அவ தலையை ஆட்டினா. நான் மறுபடி ஃபைல் விஷயத்தை முதல்லேர்ந்து விளக்கினேன், பேர் மாத்தறது, நேரா எழுதறது எல்லாம். ஒரு பேப்பர்ல படம்கூடப் போட்டேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டா.

"நான் கேட்டது இது இல்ல"ன்னா. அதுக்கு அப்புறம், "நீ போன்ல அப்படிச் சொன்னப்போ எனக்கு ஆச்சரியமாவே இல்ல. அதுதான் எனக்குத் தாங்கல"ன்னா. எந்திரிச்சுப் போய் விளக்கைப் போட்டா.

பதிமூணு வருஷத்துல அன்னிக்குத்தான் என்னை முதல் தடவையா 'நீ'ன்னு பேசினா. அதைக்கூட நான் மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் கவனிச்சேன்.

வெள்ளிக்கிழமை ராஜினாமா குடுத்துட்டா. வேலை போகாத ஒருத்தி தானா வேலையை விட்டுட்டா. ஞாயித்துக்கிழமை அவ அக்கா வீட்டுக்குக் கிளம்பினா, உறையூருக்கு. எத்தனை நாள்னு கேட்டேன். தெரியலைன்னா. பெட்டியை நான்தான் தூக்கி வண்டியில வெச்சேன், கனமா இருந்துச்சு. நோட்டீஸ் காலம் முடிஞ்சு மார்ச் ஏழாம் தேதி ஹெச்.ஆர்.ல அவ எழுத்தை மாத்தினாங்க. ஒரே ஆள்தானே, சிங்க் என்னை எதுவும் கேட்கல. நானா லாக்கைத் திறந்து பார்த்தேன். ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணு, ஏ, எக்ஸ். அதுக்குள்ள நான் பேர் மாத்தற முறையையே திரும்ப வெச்சிருந்தேன். அதனால சுத்தமாப் போச்சு. பாதி கீதி எதுவும் இல்ல.

உங்களுக்குத் தண்ணி வேணுமா சார்? வேண்டாமா? சரி.

இல்ல, நீங்க கேட்கற மாதிரியெல்லாம் இல்ல. சண்டை கிடையாது. அவ அழல, நானும் அழல. போன் பண்ணினா எடுப்பா. "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்பா. மறுபடி 'நீங்க'தான். எனக்கு அது பழகினதுதானே, ஆனா இப்ப அது யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேட்கற மாதிரி இருக்கு.

போன திங்கட்கிழமை மறுபடி ஒரு லிஸ்ட். எட்டு முப்பதுக்கே வந்துடுச்சு. ஆனா நாப்பதுக்கு முன்னாடி ஓகே பண்ண வேண்டாம்னு மேடம் சொல்லியிருந்தாங்க. பதினாலு பேர். அதுல ஒருத்தர் தங்கப்பழம். என் மாடியிலேயே மூலையில உட்கார்ந்திருப்பார். அம்பத்தி மூணு வயசு, சொந்த ஊர் உடன்குடி. எனக்கு அவரோட நெருங்கின பழக்கம்னு சொல்ல முடியாது. லிஃப்ட்ல பார்த்தா "என்ன தம்பி"ம்பார், அவ்வளவுதான். சீலன் மாதிரியெல்லாம் இல்ல.

நான் எந்திரிச்சு அவர் சீட்டுக்கிட்ட போனேன். ஏன் போனேன்னு கேட்டா, தெரியல. போய் நின்னேன். அவர் ஏதோ டைப் பண்ணிக்கிட்டிருந்தார். நிமிர்ந்து, "என்ன தம்பி?"ன்னார்.

"அண்ணே, லிஸ்ட்டுல உங்க பேர் இருக்கு"ன்னேன்.

என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

அவர் என்னையே பார்த்தார். "எப்ப?"

"எட்டு நாப்பதுக்கு ஓகே பண்ணணும். நான்தான் பண்ணணும்."

சுவர்ல கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு முப்பத்தி மூணு. டைப் பண்ணிக்கிட்டிருந்த கடிதத்தை முடிச்சார். அனுப்பினார். டிராயரைத் திறந்து மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு சாமி படம், ஒரு சீப்பு எடுத்துப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம் சீப்பை மட்டும் திரும்ப வெளிய எடுத்து, அங்கேயே நின்னு தலை வாரிக்கிட்டார். பக்கத்து சீட்டுல இருந்த ரெண்டு பேர்கிட்ட கை குடுத்தார். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. பிறந்தநாளான்னு கேட்டாங்க.

நான் என் சீட்டுக்கு வந்து ஜன்னல் வழியாப் பார்த்தேன். கேட்டுக்கிட்ட போய் அட்டையைக் காட்டினார். பச்சை எரிஞ்சுது. எட்டு முப்பத்தி எட்டு. செக்யூரிட்டி வழக்கமா எல்லாருக்கும் அடிக்கற சல்யூட் அடிச்சார். இவரும் திருப்பி அடிச்சார். ரோட்டைக் கடந்து போயிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கல, நன்றின்னும் சொல்லல. நான் அதுக்காகச் செய்யவும் இல்ல.

எட்டு நாப்பதுக்கு ஓகே அழுத்தினேன்.

யாரோ மேடத்துக்கிட்ட சொல்லியிருக்காங்க. எப்படியும் தெரியத்தானே செய்யும். சுகந்தி மேடம் நேத்து மெயில் போட்டிருக்காங்க, வர்ற திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து பார்க்கச் சொல்லி. 'டியர் குலோ'ன்னு ஆரம்பிக்கறவங்க, இந்தத் தடவை முழுப் பேர் போட்டிருக்காங்க. என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பயம் கியம் ஒண்ணும் இல்ல. இருக்கணுமோ என்னவோ.

புனிதாகிட்ட இதைச் சொல்லல. சொன்னா அவளுக்காகச் செஞ்சேன்னு நினைச்சுக்குவா. அப்படி இல்ல சார். அவளுக்காகன்னா சீலனுக்கே செஞ்சிருக்கணும். இல்லைன்னா, அவர்கிட்ட சொன்னா மட்டும் போதுமா, ஓகே அழுத்தத்தானே செஞ்சீங்கன்னு கேட்பா. அதுவும் சரிதான். நீங்க என்ன நினைக்கறீங்க? ... பரவாயில்ல, யோசிச்செல்லாம் சொல்ல வேண்டாம். தெரியாத மனுஷர்கிட்ட கேட்கற கேள்வியா இது.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, அவ சர்டிஃபிகேட்டெல்லாம் பீரோவுல இருந்துச்சு. டிகிரி, மார்க் ஷீட், எல்லாம். அங்க ஒரு பாலிடெக்னிக்ல வேலைக்குப் போறாளாம், ஒரிஜினல் கேட்கறாங்களாம். கூரியர்ல அனுப்புங்கன்னுதான் சொன்னா. ஒரிஜினலைப் போய் யாராவது கூரியர்ல அனுப்புவாங்களா? நானே கொண்டு வர்றேன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்ப வீட்டுக்கு வர வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கறேன்"னா. பாருங்க. உறையூர் வரைக்கும் எனக்கு அலைச்சல் வேண்டாம்னு நினைக்கறா. அந்த மாதிரி விஷயத்துல அவ எப்பவும் அப்படித்தான். திரும்பறதுக்கு மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்குன்னு அதையும் அவளே விசாரிச்சு வெச்சிருக்கா.

சமயபுரம் தாண்டிடுச்சு இல்ல? பேச்சுல கவனிக்கவே இல்ல.

நீங்க எங்க இறங்கணும்? பஸ் ஸ்டாண்டா? நானும் அங்கதான்.

அதோ, அந்தக் கூல்டிரிங்க்ஸ் கடை ஓரமா நிக்கறா பாருங்க, பச்சைப் புடவை. இல்ல சார், குடை பிடிச்சவங்க இல்ல, அவங்களுக்கு இந்தப் பக்கம். தலைமேல முந்தானையைப் போட்டுக்கிட்டு. இந்த வெயில்ல முன்கூட்டியே வந்து நிக்கறா. இளைச்சிருக்கா. இல்ல தூரத்துலேர்ந்து பார்க்கறதால அப்படித் தெரியுதோ என்னவோ. நாலு மாசம் ஆச்சே.

நம்ம பஸ்ஸைப் பார்த்துட்டா. என்னை இன்னும் பார்க்கல.

கையில என்ன வெச்சிருக்கேன்னு கேட்கறீங்களா? அதான், சர்டிஃபிகேட் ஃபைல். காலையில மூணு தடவை சரிபார்த்துட்டேன். ஒண்ணும் விட்டுப்போகல.

நீங்க முதல்ல இறங்குங்க சார். அவசரம் இல்ல. எல்லாரும் இறங்கட்டும். நான் கடைசியா இறங்கிக்கறேன்.